உள்ளே ஒன்றுமில்லாத கூடு

தட்டம்மை ஒருமுறை வந்து, வேப்பிலை போட்ட நீரில் தலைக்கு ஊற்றிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மறுபடி வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். தட்டம்மை வைரஸ் ரத்தத்தில் கலந்து, காய்ச்சலும் தடிப்புமாக ஊரைக் கூட்டிவிட்டுப் போகிறது. அந்தக் களேபரத்தை உடலின் காவல் அமைப்பு ஆயுளுக்கும் மறப்பதில்லை. தடுப்பூசிகள் பலவும் இதே பாடத்தை ஆபத்தில்லாமல் நடத்தப் பார்க்கின்றன. நிஜ நோய் தரும் பாதுகாப்புக்குப் பக்கத்தில் வந்தாலே அவற்றுக்கு வெற்றி.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிராகச் சிறுமிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நிஜத் தொற்று சொல்லித் தராததை ஊசி சொல்லித் தருகிறது. இது எப்படி என்று புரிந்துவிட்டால், ஏன் இவ்வளவு சின்ன வயதில், ஏன் ஒரே ஊசி போதும் என்று பெற்றோர் கேட்பவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

எச்.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் மருவை உண்டாக்குவதோடு நின்றுவிடுபவை பல. சுமார் 14 வகைகள் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடக் கூடியவை. அவற்றிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு மட்டுமே உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. பாலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இவை பரவுகின்றன. ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும் தொற்று இது; ஒரே துணையோடு வாழ்பவருக்கும் வரும். இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் சளி பிடித்தவரிடமும் நடத்தைச் சான்றிதழ் கேட்கலாம்.

இந்த வைரஸின் சாமர்த்தியம் சத்தம் போடாமல் இருப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய்ப்பு வழியாக இறங்கி, திசுவின் அடியடுக்கில் இருக்கும் செல்லுக்குள் புகுந்துகொள்கிறது. அந்தச் செல்கள் பிரிந்து பிரிந்து மேலே வர, இதுவும் கூடவே ஏறி வருகிறது. எப்படியும் உதிரப்போகிற மேலடுக்குச் செல்களுக்கு வந்த பிறகே புதிய வைரஸ்களைச் செய்து முடிக்கிறது. குப்பைக் கூடையில் ஒளிந்துகொண்டு வீட்டை விட்டு வெளியேறும் திருடனைப் போல, உதிரும் செல்களோடு போய்விடுகிறது. செல்லை வெடிக்கச் செய்வதில்லை, ரத்தத்தில் கலப்பதில்லை, வீக்கமோ காய்ச்சலோ இல்லை. எச்சரிக்கை மணி அடிக்காததால், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை உடல் மிகக் குறைவாகவே செய்கிறது. தொற்று வந்தும் அதை உருவாக்காத பெண்கள் ஏராளம்.

ஆனாலும் பத்தில் ஒன்பது தொற்றுகளை உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் மெல்ல மெல்லத் துடைத்துவிடுகிறது. மிச்சம் தங்கிவிடுபவைதான் ஆபத்து. வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு மரபணுக்கள் அங்கே வேலையைக் காட்டுகின்றன. பழுதான செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும் பி53 என்ற புரதத்தை இ6 அழிக்கிறது. செல் பிரிவதற்குக் கடிவாளமாக இருக்கும் ஆர்பி என்ற இன்னொரு புரதத்தை இ7 முடக்குகிறது. வண்டியில் பிரேக் இரண்டும் போய்விட்ட நிலை. அப்போதும் விபத்து உடனே நடப்பதில்லை; தொற்றிலிருந்து புற்றுநோய்க்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன.

இந்தத் தொடர்பைப் பிடித்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன். பலரும் ஹெர்பிஸ் வைரஸைச் சந்தேகித்துக்கொண்டிருந்த காலத்தில், மருவைத் தரும் வைரஸின் குடும்பத்தைத் தேடிப் போனார். அவருடைய குழு 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்தது. 2008இல் நோபல் பரிசு வந்தது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவருடைய அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கும் ஹீலா செல்களிலும் இதே 18ஆம் வகை இருந்தது. இ6, இ7 இரண்டையும் அடக்கினால் அந்தச் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. காரணம் இதுதான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

குற்றவாளி சிக்கியாயிற்று. ஆனால், புற்றுநோயைத் தூண்டும் மரபணு கொண்ட வைரஸைப் பலவீனப்படுத்தி ஆரோக்கியமான சிறுமியின் கையில் ஏற்ற யார் துணிவார்கள்? ஆய்வகத்தில் அது எளிதில் வளரவும் மறுத்தது. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜியான் சோவும் இயன் ஃபிரேசரும் வழி கண்டார்கள். வைரஸின் வெளிக்கூட்டைக் கட்டும் எல்1 என்ற புரதம் தானே சேர்ந்துகொள்ளும் குணமுடையது. ஐந்தைந்தாகக் கூடி, அப்படி 72 தொகுதிகள் இணைந்து, 360 புரதங்களால் ஆன உருண்டையாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அசல் வைரஸ். உள்ளே மரபணு எதுவும் இல்லை. பூரணம் வைக்காத கொழுக்கட்டை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் இருவரும் இந்தக் கூட்டைச் செம்மைப்படுத்தினார்கள். எல்1 மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்திக் கூடுகளைத் தயாரித்து, 2006இல் முதல் தடுப்பூசி சந்தைக்கு வந்தது.

வெற்றுக் கூடு நிஜ வைரஸைவிட நல்ல ஆசிரியராவது எப்படி? ஒரே உருவம் நெருக்கமாக, வரிசையாக, திரும்பத் திரும்ப அமைந்திருப்பது கிருமியின் அடையாளம் என்பது எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களுக்குத் தெரியும். 360 புரதங்கள் அடுக்கிய கூடு அவற்றை உலுக்கி எழுப்புகிறது. அதுவும், வைரஸ் பதுங்கும் இடத்தில் விடாமல், ரத்த ஓட்டமுள்ள புஜத் தசையில் நேராகக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். விளைவாக, இயற்கைத் தொற்றில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக எதிர்ப்பொருள் உருவாகி, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

கையில் போட்ட ஊசி கருப்பைவாயில் எப்படிக் காவல் நிற்கும் என்று எனக்கும் நெடுநாள் புரியாமல் இருந்தது. விடை அந்தச் சிராய்ப்பில் இருக்கிறது. வைரஸ் நுழைய அது வேண்டும்; ஆனால் சிராய்த்த இடத்தில் ரத்தத்திலிருந்து நீர் கசியும், கசிவோடு எதிர்ப்பொருளும் வரும். செல்லுக்குள் புக இந்த வைரஸுக்குப் பல மணி நேரம் ஆகிறது என்பதால், பிடிக்கப் போதிய அவகாசமும் உண்டு. திருடன் உடைத்த கதவு வழியாகவே காவலர்கள் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் செல்லுக்குள் குடியேறிவிட்ட வைரஸை எதிர்ப்பொருளால் தொட முடியாது. ஊசி முன்கூட்டியே தடுக்கும், வந்ததை விரட்டாது. சின்ன வயதில் போடச் சொல்வதன் முதல் காரணம் இது. இரண்டாவது, 9 முதல் 14 வயது வரை உடல் காட்டும் எதிர்வினை பதின்ம வயது முடிவில் காட்டுவதைவிட வலுவானது.

ஒரே ஊசி போதும் என்ற முடிவுக்கு முக்கியமான சாட்சி இந்தியாவில், யாரும் திட்டமிடாமல் உருவானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இங்கே பல இடங்களில், நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட, இரண்டு ஊசி போதுமா மூன்று வேண்டுமா என்று பார்க்கும் ஆய்வைத் தொடங்கியது. அதே வேளையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்தது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மலேரியா என்று காரணங்கள் வேறாக இருந்தன. ஊசிக்குச் சம்பந்தமில்லை என்றது விசாரணை. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது வெளியானபோது எழுந்த கோபம் நியாயமானது. ஊசி குற்றமற்றது என்பதால் அதைப் போட்ட விதம் குற்றமற்றதாகிவிடாது.

2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது. அம்பிளிக்கை போன்ற இடங்களில் முதல் ஊசியோடு நின்றுபோன சிறுமிகள் மட்டும் ஏறக்குறைய 5,000 பேர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வந்த பத்தாண்டு முடிவில், 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை ஒற்றை ஊசி சுமார் 95 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டும் மூன்றும் போட்டுக்கொண்டவர்களுக்கும் ஏறத்தாழ இதேதான். கென்யாவில் திட்டமிட்டு நடந்த ஆய்வும் இதை ஒத்து வர, 20 வயது வரை ஒரே ஊசியும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது.

பலன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கை 2017 முதல் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டுவருகிறது. இந்தியாவில் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் வரலாம். பயத்தில் சில பிள்ளைகள் மயங்குவார்கள் என்பதால் கால்மணி நேரம் உட்காரவைப்பார்கள்.

16, 18 தவிர்த்த வகைகளால் வரும் புற்றுநோய் மிச்சமிருப்பதால், ஊசி போட்ட பெண்ணுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை. மகளை அழைத்துவரும் அம்மாவுக்கோ இப்போதே தேவை. இதற்கும் திண்டுக்கல்லில்தான் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது: 30 முதல் 59 வயதுப் பெண்களைச் செவிலியர்கள் ஒரே ஒருமுறை பரிசோதித்ததில், இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. கருவி பெரிதாக ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்து, பஞ்சால் கருப்பைவாயில் தொட்டுவைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.