டி.சி. சப்ளைக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

12 வோல்ட், 1 ஆம்பியர் டி.சி. தரும் பவர் சப்ளை ஒன்று செய்யப் போகிறீர்கள். 7812 ரெகுலேட்டர் (வெளியே 12 வோல்ட்டை நிலையாக வைப்பது), பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டயோடுகள்), கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் வாங்கியாயிற்று. டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் பலரும் யோசிக்காமல் கடையில் '12 வோல்ட், 1 ஆம்பியர்' என்று கேட்டுவிடுகிறார்கள். இந்த வேலைக்கு அந்த இரண்டு எண்ணுமே போதாது.

முதலில் வோல்டேஜ். டிரான்ஸ்பார்மரின் மேல் எழுதியிருக்கும் 12 வோல்ட், ஏ.சி.யின் ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது அதே சூட்டைத் தரும் டி.சி.யின் அளவு. அலையின் உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டயோடுகளைத் தாண்டி வருவதில் சுமார் 1.4 வோல்ட் போக, கெபாசிட்டரில் 15.6 வோல்ட் ஏறும். 12-க்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கெபாசிட்டர் நொடிக்கு 100 தடவை நிரம்பி நிரம்பி வடிகிறது. 2200 மைக்ரோஃபாரட் என்றால் 1 ஆம்பியர் லோடில் ஒவ்வொரு தடவையும் 3, 4 வோல்ட் இறங்கிவிடும். 7812-க்கு உள்ளே வரும் வோல்டேஜ் 14-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வெளியே வரும். ஆம்ப்ளிஃபயரில் அதுதான் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.

15 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால், வீட்டு மின்சாரம் 230-லிருந்து 200-க்கு இறங்கினாலும் சமாளிக்கும். சரி, 24 வோல்ட்டாகவே வாங்கிவிடலாமா? வேண்டாம். மிச்ச வோல்டேஜ் முழுவதும் ரெகுலேட்டரில் சூடாகத்தான் போகும், 1 ஆம்பியருக்கு ஏறக்குறைய 20 வாட்.

ஆம்பியர் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டயோடுகள் எல்லா நேரமும் கடத்துவதில்லை. அலையின் உச்சிக்குப் பக்கத்தில், கெபாசிட்டரைவிட வோல்டேஜ் அதிகமாக இருக்கும் அந்தச் சிறு பொழுதில் மட்டும்தான் மின்னோட்டம் பாய்கிறது. கால்வாசி நேரம்தான் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 1 ஆம்பியர் கிடைக்க, அந்த நேரத்தில் 4 ஆம்பியர் பாய்ந்தாக வேண்டும். கம்பியில் வரும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 4 ஆம்பியருக்கு 16 மடங்கு சூடு. கால்வாசி நேரம் என்பதால் சராசரி 4 மடங்கு. வெளியே மீட்டர் 1 ஆம்பியர்தான் காட்டும், உள்ளே டிரான்ஸ்பார்மரின் கம்பிச் சுருள் (காயில்) 2 ஆம்பியருக்கான சூட்டில் வேகும்.

நிஜத்தில் காயிலின் மின்தடை இந்தத் துடிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதால், டி.சி. மின்னோட்டத்தைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு என்று எடுத்துக்கொண்டால் போதும். நம் சப்ளைக்கு 15 வோல்ட், 1.8 ஆம்பியர்: இரண்டையும் பெருக்கினால் 27 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்). கடையில் 15 வோல்ட், 2 ஆம்பியர் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது முழு லோடில் வரும் வோல்டேஜ். லோடு இல்லாதபோது சின்ன டிரான்ஸ்பார்மர்களில் அது 20 சதவீதம்கூட அதிகமாக இருக்கும். அப்போது கெபாசிட்டரில் 24 வோல்ட் வரும். மின்சாரம் கொஞ்சம் கூடினால் 25-ஐத் தாண்டிவிடும். அதனால் 25 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர் வேண்டாம், 35 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.