இரண்டு காலிக் கட்டங்கள்

2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டினார்கள். அதைக் கடந்தபோதெல்லாம் எனக்கு லாந்தனம் தாமிர ஆக்சைடுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் படிகத்துக்குள் தாமிர அணுக்கள் சதுரங்கப் பலகை போலவே அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டத்துக்கு ஓர் எலக்ட்ரான். எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் தற்சுழற்சி ஒன்றில் மேல்நோக்கி இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் கீழ்நோக்கி இருக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் பகை, ஒரே கட்டத்தில் இருவரை நிற்க விடாது. ஆகவே யாராலும் நகர முடியவில்லை, மின்சாரம் பாயவில்லை.

1986-இல் இயற்பியலாளர்கள் பெட்நோர்ட்ஸும் முல்லரும் ஆராய்ந்த பொருளில் லாந்தனத்தின் இடங்களில் சிலவற்றை பேரியம் பிடித்திருந்தது. லாந்தனம் மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்கும், பேரியம் இரண்டுதான். குறையும் ஒன்று தாமிரத் தளத்திலிருந்து போகிறது. அந்தக் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். சுமார் 30 கெல்வினில் அந்தப் பொருள் மின்தடையை இழக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே இன்னொரு தாமிர ஆக்சைடு 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில், ஆகவே அதைக் குளிர்விக்க திரவ நைட்ரஜனே போதும்!

ஒரு பொருள் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக வேண்டுமானால், அதில் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான்களோ துளைகளோ ஜோடி சேர வேண்டும். ஈயத்திலும் பாதரசத்திலும் அணுக்களின் அதிர்வு அவற்றைச் சேர்த்துவைக்கிறது. இங்கே சேர்த்துவைப்பது யார்?

ஒரு சதுரங்கப் பலகையும் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டங்களில் தலை, கறுப்பில் பூ. எதிரெதிராக நிற்கும் அண்டை எலக்ட்ரான்கள் ஒன்றின் கட்டத்துக்குள் மற்றொன்று ஒரு கணம் எட்டிப் பார்த்துத் திரும்ப முடியும். அதனால் ஆற்றல் சற்றுக் குறைகிறது. ஒரே பக்கம் நோக்கினால், ஒரே தற்சுழற்சியுள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பாலியின் விதி அதைத் தடுத்துவிடும். ஆக, தலைக்கும் பூவுக்கும் இடையே ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பிணைப்பு உண்டு.

நடுவில் ஒரு காசை எடுங்கள். நான்கு பிணைப்புகள் அறுகின்றன. தூரத்தில் இன்னொன்றை எடுத்தால் மொத்தம் எட்டு. முதல் காலியிடத்தை ஒட்டியே எடுத்திருந்தால்? எண்ணிப் பாருங்கள், ஏழுதான். அந்த ஒரு பிணைப்பின் மிச்சம் துளைகளை நெருங்கவைக்கிறது.

இப்போது ஒரு துளையை நகர்த்துங்கள். அதாவது, பக்கத்துக் காசை அதற்குள் தள்ளுங்கள். வெள்ளையில் பூ வந்துவிட்டது. துளை போகப் போக அதன் பின்னால் தவறான காசுகளின் தடம் நீள்கிறது, ஆற்றல் செலவும் ஏறுகிறது. ஆனால் இரண்டாவது துளை அதே வழியில் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு காசும் இரண்டு கட்டம் நகர்ந்து, தன் நிறத்துக்கே திரும்பிவிடும். தனியாகப் போனால் கெடுவது, சேர்ந்து போனால் சீராகிறது. எனக்கு இந்த இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எலக்ட்ரான்களின் கடும் பகையிலிருந்தே அவற்றின் ஜோடி பிறக்கிறது.

காசுகள் மிக எளிய படம். உண்மையான தற்சுழற்சிகள் குவாண்டம் முறையில் ஓயாமல் புரள்கின்றன. அதையே மையமாக்கி இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1987-இல் வேறொரு விளக்கம் தந்தார்: எலக்ட்ரான்கள் ஏற்கெனவே ஜோடிகள்தாம், நெரிசலில் அசைய முடியாமல் நிற்கின்றன, துளைகள் வந்ததும் அந்த ஜோடிகள் ஓடத் தொடங்குகின்றன. அதைக் கணிதமாக வளர்த்தவர்களில் ஒருவர், நம் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய கணபதி பாஸ்கரன்.

எது முழு உண்மை என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் ஜோடியின் வடிவம் தெரிந்துவிட்டது. ஒரே கட்டத்தில் இருவர் நிற்பதைத் தவிர்க்க, ஜோடியை விவரிக்கும் குவாண்டம் அலை கிடைமட்டத்தில் நேர்குறியும் செங்குத்தில் எதிர்க்குறியும் கொள்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகள் அந்தக் குறிமாற்றத்தை நேரடியாகவே கண்டன.