கசந்த கடலையும் 249-ஆவது சொல்லும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேருந்து நிலையத்தில் வாங்கிய வறுகடலையில் ஒன்று கசந்தது. துப்புவதற்குள் விழுங்கிவிட்டேன். கல்லீரல் புற்றுநோய் வருமாமே?"

ஒரு கடலைக்கெல்லாம் வராது. கடலையில் பிடிக்கும் பூஞ்சையின் நச்சு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் ஆபத்து. கசப்பு பெரும்பாலும் எண்ணெய் கெட்டதால் வருவது. அந்த நச்சு இருக்கிறதா என்பதை நாக்கு சொல்லாது. இருந்தாலும் துப்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்ததை வறுத்தாலும் நச்சு முழுதாகப் போவதில்லை.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் பெயரையே சுருக்கி, நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். புற ஊதா ஒளியில் நீலமாக மின்னுவது பி வகை. அதில் பி1தான் வில்லன்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம். உள்ளே போகும்போது பி1 அவ்வளவு கொடியதல்ல. அதைக் கொடியதாக்குவது நம் கல்லீரலேதான்! நீரில் எளிதில் கரையாத எதையும் கரையவைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்காக அதன் நொதிகள் பி1-இன் முனையில் ஓர் ஆக்சிஜனை ஒட்டுகின்றன. இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு குட்டி முக்கோணம் உருவாகிறது. இழுத்துப் பிடித்த வில் மாதிரி அது. எதையாவது பற்றிக்கொண்டு விடுபடத் துடிக்கும். செல்லுக்குள் நச்சை முறிக்கும் குளுட்டதயோன் என்ற மூலக்கூறு முந்திக்கொண்டு பற்றினால் நச்சு வெளியே போய்விடும். முந்தாவிட்டால், தட்டையான அந்த மூலக்கூறு டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே சொருகிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் குவானினை, அதாவது 'ஜி' எழுத்தை, இறுகப் பிடித்துக்கொள்ளும். செல் பிரியும்போது, நகலெடுக்கும் நொதி அந்த 'ஜி'யைத் தவறாகப் படித்துவிடுகிறது. அடுத்த பிரதியில் அங்கே 'டி' உட்கார்ந்திருக்கும்.

எங்கே உட்கார்கிறது என்பதுதான் வேடிக்கை. செல் கண்டபடி பிரியாமல் தடுக்கும் பி53 என்ற காவல் புரதத்தில் 393 அமினோ அமிலங்கள். மரபணுவில் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். அதன் மரபணுவில் 249-ஆவது சொல் ஏஜிஜி, அதாவது அர்ஜினைன். கடைசி 'ஜி', 'டி' ஆனால் செரின். டிஎன்ஏவைப் பிடிக்கும் வளையத்தை நிலையாக நிறுத்திவைப்பது அந்த அர்ஜினைன்தான். அது போனால் காவலாளியின் பிடி நழுவும். சீனாவில் யாங்சே ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் சீடோங் பகுதி மக்கள், இதே பூஞ்சை பிடிக்கும் மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்கள். அங்கே 16 கல்லீரல் கட்டிகளைப் பரிசோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். 8 கட்டிகளில் இதே 249-ஆவது சொல்லில்தான் பிழை. குற்றவாளி கைரேகையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

எழுத்தை மாற்றாமலே ஒரு மரபணுவின் வாயை அடைக்கவும் முடியும். பி16 மரபணு செல் பிரிவதற்கு பிரேக். அதன் தொடக்கப் பகுதியில் 'சி' எழுத்துகள்மேல் மெத்தில் என்ற குட்டித் தொப்பிகள் ஏறிவிட்டால் செல் அதைப் படிக்காது. செல் இரண்டானால், பழைய இழையில் தொப்பி இருக்கும் இடத்தைப் பார்த்து ஒரு நொதி புது இழைக்கும் தொப்பி மாட்டிவிடும், மௌனம் பரம்பரையாகிவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் என்ற புரதம் இப்படித் தொப்பி மாட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. போதாததற்கு, வைரஸ் தாக்கிய கல்லீரலில் செல்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிரிகின்றன. நச்சு செய்த பிழையைச் சரிசெய்ய அவகாசமே இருப்பதில்லை. ஷாங்காயில் 18,000-க்கும் அதிகமான ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். நச்சு மட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு சொச்சம், வைரஸ் மட்டும் என்றால் 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 60 மடங்கு.

"கீழாநெல்லி இருக்கே?" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு. இன்னும் பெரிதாகச் சோதிக்கக் காசு ஒதுக்காமல், காமாலைக்கு மந்திரிக்க வரிசையில் நிற்கிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இந்த வைரஸுக்கான தடுப்பூசியோ பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இலவசமாகவே போடுகிறார்கள்.

அப்புறம் சீடோங் என்ன ஆனது? 1980-களில் அங்கே மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மாறினார்கள். ரத்தத்தில் நச்சின் தடயம் மளமளவென்று இறங்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்ட தலைமுறை புற்றுநோய் வரும் வயதை எட்டும் முன்பே கல்லீரல் புற்றுநோய்ச் சாவுகள் குறையத் தொடங்கிவிட்டன.