டெக்னோசிக்னேச்சர்: கையொப்பமா, சுவடா?

நிலவில் வேற்றுலகவாசிகளின் அடையாளத்தைத் தேடுவது பற்றிப் படிக்கப் போனால் இந்தச் சொல்லில் முட்டிக்கொள்ளாமல் தப்ப முடியாது. அகராதியைப் புரட்டி இரண்டு துண்டையும் தனித்தனியே பெயர்த்தால் 'தொழில்நுட்பக் கையொப்பம்' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் தப்பு.

அறிவுள்ள ஓர் இனம் எங்கோ இருக்கிறது, அல்லது எப்போதோ இருந்தது என்பதை அது உண்டாக்கிய பொருளோ அதன் விளைவோ காட்டிக்கொடுத்தால் அதற்குப் பெயர் டெக்னோசிக்னேச்சர். செயற்கையான வானொலி அலை, லேசர் ஒளி, விண்மீனைச் சுற்றி எழுப்பிய கட்டுமானம், கைவிட்டுப் போன விண்கலம் எல்லாம் இதில் அடங்கும். இதற்கு மூத்தது பயோசிக்னேச்சர். ஒரு கோளின் காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருப்பது போல, உயிர் இருக்கலாம் என்று ஐயப்பட வைக்கும் அறிகுறி அது. அந்த அச்சிலேயே அமெரிக்க வானியலர் ஜில் டார்ட்டர் 2007-இல் இளையதை வார்த்தார். 2018 செப்டம்பரில் நாசா ஹூஸ்டனில் இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடத்தியது.

மூத்ததையும் இளையதையும் குழப்பிக்கொண்டால் நிலவு விஷயத்தில் எல்லாமே குழம்பிவிடும். அங்கே காற்று என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, ஓடும் நீர் இல்லை. ஆகவே 'நிலவில் ஏலியன் உயிர் தேடும் விஞ்ஞானிகள்' என்று தலைப்புப் போட்டால் அது முதல் வரியிலேயே சறுக்கல். உயிரை அங்கே யாரும் தேடவில்லை. யாராவது வந்து எதையாவது விட்டுப் போனார்களா என்பதே கேள்வி. வேற்றுலக நாகரிகங்கள் ஆளில்லாக் கலங்களை அனுப்பி வைக்கலாம் என்று 1960-லேயே எழுதியவர் வானொலி வானியலர் ரொனால்ட் பிரேஸ்வெல். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் டேவிஸும் ராபர்ட் வாக்னரும் அந்த எண்ணத்தை நிலவின் தரையில் இறக்கினார்கள். 2009-இல் நாசா ஏவிய, நிலவைச் சுற்றிவரும் லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் கலம் எடுத்த படங்கள் லட்சக்கணக்கில் ஏற்கெனவே பொதுவில் கிடக்கின்றன, அவற்றைச் சலித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார்கள். பெரிதாகச் செலவில்லை. காற்றும் மழையும் இல்லாததால் அங்கே விழுந்த பொருள் எளிதில் அழியாது. நுண்கற்கள் மோதிக் கிளப்பும் தூசு மெல்ல மூடினால்தான் உண்டு.

அந்தப் படங்களில் ஒரு பிக்சல் என்பது சுமார் அரை மீட்டர். அப்போலோ கலங்கள் விட்டுவந்த அடிப்பகுதி, கால்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான்கு மீட்டர் சொச்சம் அகலம். படத்தில் குறுக்கே எட்டொன்பது வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் எடுத்த படமென்றால் பக்கத்தில் நீளமாக ஒரு நிழல் விழுந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதைவிட என்னை நிறுத்தி வைத்தது, அப்போலோ 14 இறங்கிய இடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் நடைபாதை. இரண்டு பேர் காலால் கிளறிய மண் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துத் தெரிகிறது. 1971-இல் தொடர்பு அறுந்து, இருக்கும் இடமே சரியாகத் தெரியாமல் போன சோவியத் ஊர்தி லூனகோட் 1, 2010-இல் அகப்பட்டதும் இந்தப் படங்களின் உதவியால்தான்.

இனி வேர். முன்பாதி கிரேக்கம். 'டெக்னே' என்றால் கைத்திறன். வடமொழித் 'தக்ஷன்', அதாவது மரவேலைக்காரன், இதே குடும்பத்துச் சொல் என்பது மொழியியலார் கணிப்பு. நம் தச்சனையும் அந்த வரிசையில் சேர்ப்பார்கள். பின்பாதி லத்தீன். 'சிக்னும்' என்றால் குறி, 'சிக்னாரே' என்றால் குறியிடுதல். அந்தக் குறியிலிருந்து கையெழுத்து என்ற பொருள் பிறகு கிளைத்தது. அறிவியலார் சிக்னேச்சர் என்னும்போது அந்தப் பழைய குறியைத்தான் நினைக்கிறார்கள்.

கையொப்பத்தில் ஒப்புதல் இருக்கிறது. ஒருவர் தெரிந்தே, மனமிசைந்து இடுவது அது. நிலவில் தேடுவதோ, விட்டுப்போனவருக்கே நினைவில்லாததாக இருக்கலாம். தமிழில் இதற்குத் தோதான சொல் சுவடு. காலடிக்கும் அதுதான் சொல், ஆள் வந்துபோனதற்கும் அதுதான் சொல். தடயமும் பொருந்தும், ஆனால் அதில் காவல் நிலைய வாடை கொஞ்சம் தூக்கல். 'நுட்பச் சுவடு' என்று குறுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். நுட்பமான சுவடு என்று படித்துவிடுவார்கள். நீளமானாலும் 'தொழில்நுட்பச் சுவடு' என்பதே என் தேர்வு. மூத்ததற்கு 'உயிர்ச்சுவடு' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

இதே கட்டுரைகளில் வரும் இன்னொரு சொல் ஆர்ட்டிஃபாக்ட். திறத்தால் செய்யப்பட்டது என்பது அதன் லத்தீன் பொருள். பழக்கதோஷத்தில் 'தொல்பொருள்' என்று எழுதினால் பழமை உள்ளே நுழைந்துவிடும். நேற்று வந்து விழுந்ததும் ஆர்ட்டிஃபாக்ட்தான். 'செய்பொருள்' போதும். படத்தில் கேமராவோ கணினியோ உண்டாக்கும் கோளாறுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் என்பதுதான் வேடிக்கை. அதற்குப் 'பிழைத்தோற்றம்' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் நாம் தப்பித்தோம்.

பிழைத்தோற்றமும் இல்லாமல், செய்பொருளும் இல்லாமல் கண் ஏமாறுவது தனிக்கதை. 1966-இல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் 2 கலம் எடுத்த நிலவுப் படத்தில் கோபுரங்கள் வரிசையாக நிற்பது போலத் தோன்றியது. தாழ்ந்த வெயிலில் பாறைகளின் நிழல் நீண்டிருந்தது, வேறொன்றுமில்லை. 2021 டிசம்பரில் சீனாவின் யுடு-2 ஊர்தி நிலவின் மறுபக்கத்தில் தொலைவில் ஒரு கனசதுரத்தைக் கண்டது. 'மர்மக் குடில்' என்று உலகமே பேசியது. அடுத்த மாதம் நெருங்கிப் பார்த்தால் பள்ளத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பாறை, அதுவும் முயல் குந்தியிருப்பது போல. நிலவின் களங்கத்துக்கு முயற்கறை என்று பெயர் வைத்த மொழிக்காரர்களுக்கு இது புதிதல்ல.

கையொப்பம் என்ற சொல்லுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அப்போலோ 11 விட்டுவந்த அடிப்பகுதியில், ஏணி இருக்கும் காலில், ஒரு தகடு பொருத்தியிருக்கிறது. அதில் ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின், அதிபர் நிக்சன் என நான்கு பேரின் கையொப்பங்கள் பொறித்திருக்கின்றன.