வாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போர்ட்டைப் பாருங்கள்

ப்ளூடூத் ஸ்பீக்கர் சரியாகப் பாடவில்லை என்று ரிப்பேருக்கு வருவதைவிட, சார்ஜ் ஏறவில்லை என்று வருவதுதான் அதிகம். கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "போன் சார்ஜரில் போட்டேன், அதனால்தான் போச்சா?"

பெரும்பாலும் இல்லை. யூ.எஸ்.பி போர்ட் உள்ள ஸ்பீக்கர் பெரும்பாலும் 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகும். சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருந்தால் அது அதிகபட்சம் அவ்வளவு தரக்கூடியது என்றுதான் அர்த்தம், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று தீர்மானிப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசி என்ற சின்ன சிப். ஃபாஸ்ட் சார்ஜரும் முதலில் 5 வோல்ட்தான் தரும், எதிரே இருக்கும் கருவி கேட்டால்தான் ஏற்றும். ஆகவே நல்ல சார்ஜரில் வாட் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. பயப்பட வேண்டியது பெயர் ஊர் தெரியாத, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லாத மலிவு சார்ஜர்களைப் பார்த்து. அப்புறம், பழைய ஸ்பீக்கர்களில் இருக்கும் உருண்டைப் பின் அடாப்டரைப் பார்த்து. பின் பொருந்திவிட்டது என்பதற்காக 9 வோல்ட் கேட்கும் ஸ்பீக்கரில் 15 வோல்ட் அடாப்டரைச் செருகினால் போர்டு அந்த நிமிடமே போய்விடும். வோல்ட் அளவு, பிளஸ் மைனஸ் குறி, இரண்டையும் ஸ்டிக்கரில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

(புது ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறவே இல்லை, சார்ஜர் பக்கம் பழைய சதுர முனை உள்ள கேபிளில் ஏறுகிறது என்றால் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டாம். டைப்-சி போர்ட்டோடு இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மலிவு மாடல்களில் போடாமல் விட்டுவிடுவார்கள், அவை இல்லாவிட்டால் எதிரே கருவி இருப்பதே டைப்-சி சார்ஜருக்குத் தெரியாது. பழைய கேபிளிலேயே சார்ஜ் செய்யுங்கள், ஆபத்து ஒன்றும் இல்லை.)

உண்மையான தொல்லை போர்ட்டில்தான் தொடங்குகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் டைப்-சி போர்ட்டின் நடுவே இருக்கும் அந்த மெல்லிய நாக்கில், பின்களுக்கு இடையே பச்சையும் வெள்ளையுமாக ஒரு படிவம் தெரியும், சிலவற்றில் ஓரம் கருகியே இருக்கும். ஈரம் இருக்கும்போது சார்ஜில் போட்டால், அந்த 5 வோல்ட்டே ஈரத்தின் வழியே பாய்ந்து பின்னை அரித்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் இன்னும் வேகம். "வாட்டர் ப்ரூஃப் என்றுதானே வாங்கினேன்" என்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி.எக்ஸ்.7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை, நல்ல தண்ணீரில் செய்வது. போர்ட்டுக்கு ரப்பர் மூடி உள்ள மாடலில் அந்த மூடி இறுக்கமாக மூடியிருந்தால்தான் அந்தக் கணக்கு. ஈரம் பட்டால் போர்ட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து உதறிவிட்டு, காற்றோட்டத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று வேண்டாம். ஊசி, குண்டூசி விட்டுக் குடைவதும் வேண்டாம், பின் வளைந்து ஒன்றோடொன்று தொட்டால் அடுத்த முறை சார்ஜில் போடும்போது போர்ட்டே சூடேறும்.

அடுத்தது சூடு. ஸ்பீக்கர் ஒரு மூடிய பெட்டி, காற்று போக வழியில்லை. சார்ஜும் ஏறி, முழுச் சத்தத்தில் பாட்டும் ஓடினால் ஆம்ப்ளிஃபையர் சூடும் பேட்டரி சூடும் உள்ளேயே தங்கும். லித்தியம் அயான் பேட்டரியை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்யும்படிதான் பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். வெயிலில் நின்ற காருக்குள் அது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். மெத்தை மேல், தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுவதும் இதே ரகம்தான். பேட்டரிக்குள் இருக்கும் செல் 4.2 வோல்ட்டை எட்டி, மின்னோட்டம் நன்றாகக் குறைந்ததும் ஐசி தானாக நிறுத்திவிடும் என்பது சரிதான், ஆனால் அந்த ஐசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஸ்பீக்கர் வேறு கதை. செல் 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம், பிறகு சார்ஜ் ஏற்றும்போது அது வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வேறு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்து 'உயிர் கொடுப்பதை' வீடியோவில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், செல்லை மாற்றுவதே சரி. எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மாற்றும்போதும் ஏமாறலாம். பல ஸ்பீக்கர்களில் 18650 என்ற செல்தான் இருக்கும், 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனி செல்லே சுமார் 3500 எம்.ஏ.ஹெச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) அளவில்தான் இருக்கும். மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய், அப்படிப் பொய் எழுதுபவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போனில் பேட்டரி உப்பினால் திரை தூக்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும், ஸ்பீக்கரில் அது ஒளிந்தே இருக்கும். பெட்டியின் இணைப்பில் புது இடைவெளி, இனிப்பு கலந்த கெமிக்கல் வாடை, பக்கவாட்டில் பேஸ் சத்தத்துக்கு அதிரும் ரேடியேட்டர் தகடு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பது, சும்மா கிடக்கும்போதே சூடு, இதில் எது தெரிந்தாலும் அந்த ஸ்பீக்கரை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. அமுக்கிப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும், மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். சார்ஜில் இருக்கும்போதே புஸ்ஸென்ற சத்தமோ புகையோ வந்தால் முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டாம், புகையை முகராமல் ஆட்களை அங்கிருந்து நகர்த்திவிட்டு, தீயணைப்புத் துறைக்குப் போன் போடுங்கள்.