எண்ணும் எழுத்தும்: புளியங்கொட்டைய பீரோல பூட்டி வச்சா பிள்ளைக்கு கணக்கு எப்படி வரும்?

பிள்ளைங்க எழுதப் படிக்க, கணக்குப் போட கத்துக்கணும்னு தமிழ்நாட்டு அரசு பள்ளிக்கூடத்துல 2022 ஜூன்ல வந்த திட்டம்தான் எண்ணும் எழுத்தும், முதல்ல 1 முதல் 3ம் வகுப்பு, அடுத்த வருஷம் 4, 5ம் சேர்ந்துச்சு. பைசா கட்ட வேணாம். பின்கதை இவ்ளோ போதும்.

பிள்ளை கையால எண்ணிப் படிக்கணும், அதான் விஷயம். 12 புளியங்கொட்டைய 3 பேருக்கு பங்கு போடுன்னா ஆளுக்கு 4. அதே 12ஐ சந்தையில வைக்கிற மாதிரி மூணு மூணா கூறு போடுன்னா 4 கூறு. ரெண்டுலயும் 4 தான், ஆனா ஒண்ணு கொட்டை, இன்னொண்ணு கூறு. பிரிச்சுப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும், போர்டுல எழுதிப் போட்டா முழிக்கும்.

இப்ப நடக்குறத சொல்றேன். நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல கணக்குப் பெட்டி, அதான் எண்ணிப் பார்க்குற சாமான் இருக்குற பெட்டி, பீரோக்குள்ள, கேட்டா பசங்க தொலைச்சிடுவாங்களாம், மேலிடத்துல இருந்து யாராவது பார்க்க வந்தா மட்டும் வெளிய வரும். சித்தாள் வேலைக்குப் போற ஒரு அம்மா போய் கேட்டதுக்கு ஹெச்எம், கல்வி ஆபீஸுக்கு கைகாட்ட, ஆபீஸ்ல "குடுத்தாச்சே, ஹெச்எம்ம கேளுங்க"ன்னு திருப்பி விட, ரெண்டு நாள் கூலி போச்சு. ஒரு பூட்டைத் தொறக்க!

அதனால அலையாதீங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அந்தக் கூட்டத்துல கேளுங்க, கேட்டத தீர்மான நோட்டுல எழுத வைங்க, வாயால சொன்னா காத்தோட போயிடும். அப்பவும் அசையலன்னா பள்ளிக்கல்வி உதவி எண் 14417, கூப்பிட்ட தேதிய குறிச்சு வைங்க.

சேர்க்கும்போதே மடக்குறது இன்னொண்ணு. டிசி இல்ல, பிறப்புச் சான்று இல்ல, அப்புறம் வாங்கன்னுவாங்க. செங்கல் சூளை, கட்டட வேலைன்னு ஊர் மாறிட்டே இருக்குறவங்கதான் இதுல அதிகம் மாட்டுறாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயசு பிள்ளைய டிசி வர லேட்டாகுதுன்னு நிறுத்தி வைக்கக் கூடாது, வயசுச் சான்று இல்லன்னும் திருப்பி அனுப்பக் கூடாது. 9 வயசு பிள்ளை பள்ளிக்கூடமே போனதில்லன்னா ஒண்ணாம் வகுப்புல தள்ளப் பார்ப்பாங்க, ஒத்துக்காதீங்க, வயசுக்கேத்த வகுப்புல சேர்த்து தனிப்பயிற்சி குடுக்குறது அவங்க பொறுப்பு.

இந்தத் திட்டத்துல எவ்ளோ தெரியும்னு பார்த்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிள்ளைங்கள பிரிப்பாங்க. மூணாவது படிக்கிற பிள்ளை அரும்புல இருக்குன்னா அதுக்காக வீட்ல அடிக்காதீங்கப்பா, எங்க நிக்குதோ அங்கருந்து சொல்லித்தரத்தான் அந்தப் பிரிவு. நீங்க கேக்க வேண்டியது, போன தடவையும் அரும்பு இந்தத் தடவையும் அரும்புன்னா நடுவுல என்ன செஞ்சீங்கன்னு.

பயிற்சி நூல்ல பக்கத்துக்குப் பக்கம் டிக் இருக்கேன்னு நம்பிடாதீங்க, போர்டைப் பார்த்து எழுதுனதா இருக்கும். வீட்ல 13 கொட்டைய குடுத்து மூணு தட்டுல சமமா போடச் சொல்லுங்க. மிஞ்சுன ஒண்ண கையில வச்சுகிட்டு "இது யாருக்கு?"ன்னு கேட்டா பிள்ளைக்கு பிடிபட்டுடுச்சு. பேசாம ஏதோ ஒரு தட்டுல போட்டுச்சுன்னா அடுத்த நாளே நோட்டோட டீச்சரப் போய் பாருங்க.