ஒப்புகை அட்டை வரவில்லையா? தேதியைப் பிடியுங்கள்

காசோலை திரும்பியது, வக்கீல் நோட்டீஸும் போயிற்று, அது கைக்குச் சேர்ந்ததைக் காட்டும் ஒப்புகை அட்டை மட்டும் வந்தபாடில்லை. "கேஸ் நிற்காதா சார்?" என்று கட்சிக்காரர்கள் பதறுவது வாடிக்கை. அட்டை வராததால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால், வழக்கமாகச் சேர வேண்டிய நாளில் சேர்ந்ததாகவே 1897ஆம் ஆண்டின் பொதுச் சரத்துகள் சட்டம், பிரிவு 27 அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை எதிரியுடையது, அதாவது காசோலை கொடுத்தவருடையது. நோட்டீஸ் வரவே இல்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டலாம். கட்டாதவர் அந்த வாதத்தை எழுப்ப முடியாது என்று 2007இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிக்கலெல்லாம் தேதியில்தான். செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138இன்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குப் போன நாளிலிருந்து 15 நாள், பணம் கட்ட எதிரிக்கு அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். அந்த 15 நாள் முடியுமுன் தாக்கல் செய்த புகார் செல்லாது என்பது 2014இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் முடிவாகிவிட்டது. பட்டுவாடா ஆன நாள் தெரியாமல் எந்தக் கணக்கைப் போடுவது? திரும்பி வரும் அட்டையிலோ கையெழுத்து கிறுக்கல், தேதி இருக்க வேண்டிய இடம் காலி, அஞ்சல் முத்திரை வெறும் மைக்கறை. ரசீதிலுள்ள எண்ணை அஞ்சல் துறை இணையதளத்தில் இட்டால், பட்டுவாடா ஆன நாள், நேரம், அலுவலகம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து, கோப்பாகவும் சேமித்துவிடுங்கள். சாட்சி விசாரணை தொடங்கும் காலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அச்சுத்தாளும் தனியாக நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63இன்கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் வாசகத்தையே பெயர் மாற்றி ஒட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். புதிய படிவம் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்-எழுத்துத் தொடரை, கேட்கிறது. நிபுணர் கையெழுத்திடத் தனிப் பகுதியும் உண்டு.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பிரிவு 27 பதிவுத் தபால் என்றே பேசுவதால், கவுண்டரில் பதிவு வசதியையும் கேட்டு வாங்குங்கள். கூடுதல் செலவைப் பார்த்து அதை விடுவது வீண் சிக்கனம். ரசீதைக் கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். பெயரோ பின்கோடோ தவறாகப் பதிவாகியிருந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

"கதவு பூட்டியுள்ளது", "பெற மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பிய உறையை மட்டும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடி வக்கீலிடம் கொடுங்கள். சான்றாவணமாகக் குறியிடப்பட வேண்டியது அது.